சிறுவாட்டுப் பணத்தில் சிதம்பரம்

"மூன்று லட்சமா?" என்று கேட்டுவிட்டு, கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார் என் கணவர்.

செஞ்சியில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர் அவர். லட்சங்கள் அவர் பேனாவில் தினமும் ஓடும். ஆனால் அதெல்லாம் மண்டிக்காரருடைய லட்சம். எங்கள் வீட்டு லட்சத்துக்கு மகனின் பாலிடெக்னிக் ஃபீஸ், மழைக்கு ஒழுகும் மாடி அறை என்று ஏற்கெனவே வரிசை நிற்கிறது.

விஷயம் இதுதான். என் பெண் ஹரிணிக்குப் பதிமூன்று வயது. ஐந்து வருஷமாகப் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். அன்று மாலை அவளுடைய டான்ஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் அரங்கேற்றம் வெச்சிடலாம்மா. பத்தாவது வந்துட்டா அப்புறம் முடியாது" என்று சொல்லி, ஒரு தாளில் செலவுகளை எழுதிக் கொடுத்தார். மண்டப வாடகை, பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், அவர்களுக்கு ஒத்திகை நாட்களுக்கும் சேர்த்துச் சம்பளம், மூன்று ஜோடி உடை, நகை, மேக்கப், போட்டோ, வீடியோ, பத்திரிகை, வந்தவர்களுக்குச் சாப்பாடு, கடைசியில் குரு தட்சிணை. கூட்டிப் பார்த்தால் ஒரு சின்னக் கல்யாணம்!

நாங்கள் பேசியது கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் வகுப்புக்குக் கிளம்பச் சொன்னால் "கால் வலிக்குது" என்றாள். அதற்கடுத்த வாரம் "பரீட்சை" என்றாள். ஒரு நாள் பீரோவைத் துடைக்கும்போது பார்க்கிறேன், அவளுடைய பயிற்சிப் புடவையும் சலங்கையும் குளிர்காலப் போர்வைக்கு அடியில், சுருட்டி வைத்த மாதிரி கிடக்கின்றன. கேட்டேன். "எனக்குப் பிடிக்கலம்மா. போர் அடிக்குது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. பிடிக்கவில்லையாம்! தோசை வார்க்கும் நேரத்தில்கூட அடுப்படியில் நின்று 'தெய்யா தெய்' போடுகிற பெண் அது.

என்னிடம் மூன்று லட்சம் இல்லை. ஆனால் அரிசி டப்பாவுக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்த சிறுவாட்டுப் பணம் 4,000 ரூபாய் இருந்தது. நம்மில் யாரிடம்தான் இல்லை? அந்த நேரம் பார்த்து என் தம்பி போன் செய்தான். அவன் சரித்திர வாத்தியார். "சிவராத்திரிக்குச் சிதம்பரத்துல நாட்டியாஞ்சலி நடக்கும் அக்கா. டிக்கெட் கிடையாது. பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றான்.

சிதம்பரத்தில் 1981ஆம் வருஷம் ஆரம்பித்த விழா இது. மகா சிவராத்திரி அன்று தொடங்கி ஐந்து நாள் நடக்கிறது. பரதம் மட்டுமில்லை, குச்சிப்புடி, ஒடிஸி, மோகினியாட்டம், கதக் எல்லாம் உண்டு. நடராஜருக்கு ஆட்டத்தையே பூவாகச் சாத்துவதுதான் நோக்கம், அதனால் பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. பல வருஷங்கள் கோயிலுக்குள்ளேயே நடந்தது. நாங்கள் பார்த்தது கோயிலுக்கு வெளியே, தெற்கு வீதியில் போட்ட மேடையில்.

நானும் ஹரிணியும் மட்டும் போவதாகத்தான் திட்டம். "சிவராத்திரிக்குச் சிதம்பரம்னா நான் மட்டும் வூட்ல ஒக்காந்து இன்னா பண்றது?" என்று மாமியாரும் பையைத் தூக்கிக்கொண்டார். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. யோசித்தேன். பிறகு, ராத்திரி கண் விழிப்பதில் எங்கள் வீட்டிலேயே அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஞாபகம் வந்தது.

எங்கள் செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிற ராத்திரியும், துரியோதனன் படுகளத்துக் காலையும் அத்தை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. கூத்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாட்டியாஞ்சலி எப்படி இருந்தது என்று பிறகு சொல்கிறேன்.

கிளம்பும் முதல் நாளே சில ஏற்பாடுகள் செய்தேன். புளியோதரை கிளறி ஆறவிட்டு எடுத்துக்கொண்டேன். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கெட்டுவிடும். இட்லியின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவினது பன்னிரண்டு. தேங்காய் சேர்ந்தது எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அத்தையின் மாத்திரைகளை மூன்று நாளைக்கு மட்டும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, மேலே 'காலை', 'இரவு' என்று எழுதி என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய பையில் வைத்தால் அவசரத்துக்குக் கிடைக்காது. முழங்காலுக்குத் தைலமும் ஒரு சின்னத் தலையணையும். வயசுக்கு வந்த பெண் கூட வருகிறாள் என்பதால் அதற்கு வேண்டியதையும் மறக்கவில்லை. நாள் கணக்கு எப்போதும் நம் பேச்சைக் கேட்பதில்லையே!

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. விழுப்புரம் வரை பஸ். அங்கிருந்து பாசஞ்சர் ரயில். பஸ்ஸிலேயே சிதம்பரம் வரை போகலாம்தான், ஆனால் முழங்கால் வலிக்காரர்களுக்கு ரயில்தான் வசதி. எழுந்து நாலு எட்டு நடக்கலாம், கழிவறை இருக்கிறது, கட்டணமும் குறைவு. பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று போயிற்று. பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, தம்பி சொன்ன கதையை ஹரிணிக்குச் சொன்னேன்.

செஞ்சி என்றால் எல்லோருக்கும் ராஜா தேசிங்குதான். 1714ல் இருபத்து சொச்சம் வயதில் சண்டையில் செத்துப்போன அந்தப் பிள்ளையின் கதையைத்தான் பாட்டாகப் பாடுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நம் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததுகூட மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகத்தான். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் செஞ்சியை நாயக்கர்கள் ஆண்டார்கள். அவர்களில் கிருஷ்ணப்ப நாயக்கர் என்பவர் இந்த வெள்ளாற்றங்கரையில் ஒரு பட்டணம் கட்டினார். சிதம்பரம் கோயிலுக்குள் இருக்கிற கோவிந்தராஜப் பெருமாள் சன்னதியை எடுத்துக் கட்டியவரும் அவர்தான். 1597 வாக்கில் அந்தப் பக்கம் வந்த பிமென்டா என்ற பாதிரியார் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்தத் திருப்பணியை எதிர்த்துச் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிரை விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

"நம்ம ஊர் ராஜாவா?" என்று கேட்டாள் ஹரிணி. அந்தப் பத்து நாளில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

லாட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. சிவராத்திரி நேரத்தில் சிதம்பரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். பத்து நாள் முன்னாலேயே போன் செய்து, வாடகை எவ்வளவு, கழிவறை அறைக்குள் இருக்கிறதா, எத்தனையாவது மாடி, இத்தனையும் கேட்டுக்கொண்டேன். அப்படியும் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது "கீழ் அறை இல்லம்மா, மூணாவது மாடிதான்" என்றார்கள். லிஃப்ட் கிடையாது. அத்தையைக் காட்டி, கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் முதல் மாடி அறையை வாங்க வேண்டியிருந்தது. இரண்டு கட்டில் உள்ள அறை, ஒரு நாளைக்கு 900 ரூபாய். தலையணை உறை அழுக்கு. நல்லவேளையாக வீட்டிலிருந்து துண்டு கொண்டுபோயிருந்தோம், விரித்துப் படுத்தோம்.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குப் போனோம். கூட்டம் தள்ளிக்கொண்டு போயிற்று. கிழக்குக் கோபுர வாசலில் எல்லோரும் சன்னதியை நோக்கி ஓடுகிறார்கள். ஹரிணி மட்டும் நின்றுவிட்டாள். வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் கீழிருந்து மேல் வரை சின்னச் சின்னக் கட்டங்களில் நடன மங்கைகள். நாட்டிய சாஸ்திரத்தில் சொன்ன 108 கரணங்கள் அவை. நாலு கோபுரங்களிலும் இருக்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் கூடவே வெட்டி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலும் கரணங்கள் உண்டு, ஆனால் 81 வரைதான் முடித்தார்கள். அங்கே ஆடுவது சிவபெருமான், இங்கே பெண்கள். நாட்டியமணி பத்மா சுப்ரமணியம் இந்தக் கரணங்களை ஆராய்ந்துதான், பக்கத்திலேயே இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

"அம்மா, இது எங்க புஷ்பாஞ்சலி!" என்று கத்தினாள் ஹரிணி. இரண்டு கையையும் சேர்த்துப் பூவை ஏந்தின மாதிரி ஒரு பொம்மை. தலபுஷ்பபுடம் என்று பெயர், நூற்றெட்டில் முதல் கரணம். அவள் வகுப்பில் முதல் முதலாகக் கற்றுக்கொண்ட கை அது. சுற்றி இருக்கிற கூட்டத்தையும் மறந்து, கையை அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டாள். இன்னொரு கட்டத்தில் ஒருத்தி காலைப் பின்பக்கமாகத் தூக்கி நெற்றியில் திலகம் வைக்கிற மாதிரி நிற்கிறாள். அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கழைக்கூத்தாடி பொண்ணு கெட்டுது போ" என்றார்.

நடராஜரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால் கோவிந்தராஜர் படுத்திருக்கிறார். ஒரே இடத்தில் நின்று இரண்டு பேரையும் சேவிக்கலாம். "நம்ம ஊரு ராசா கட்டினது" என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். ரயிலில் தூங்குகிற மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்!

தெற்கு வீதி மேடைக்கு முன்னால் ஜமக்காளமும் பின்னால் நாற்காலிகளும் இருந்தன. அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணையைக் கொடுத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹரிணி முன்னால் போய்த் தரையில் இடம் பிடித்துக்கொண்டாள். ஒரு குழு ஆடி முடித்ததும் அடுத்த குழு. ஒவ்வொன்றுக்கும் கால் மணி, இருபது நிமிஷம். பெங்களூர்க்காரர்கள், புனேக்காரர்கள், ஒடிஸி ஆடின ஒரு பெண். பாலில் துணி மிதக்கிற மாதிரி அவள் இடுப்பு அசைந்தது, அதை எப்படிச் சொல்ல என்றே தெரியவில்லை.

"இன்னாடி இது, சாமி வேசம் கட்டி முடிக்க நாலு மணி நேரம் ஆயிருக்கும். ஏறினதுங்க கால் மணியில இறங்கிடுதுங்களே?" என்பது அத்தையின் குறை. கூத்தில் ஒரு துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே அரை மணி ஆகும். ஆனால் ஒரு குச்சிப்புடிப் பெண் பித்தளைத் தட்டின் விளிம்பில் ஏறி நின்று ஆடினபோது, அத்தை வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் கரூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஊசி, நூல், கொக்கி, ஊக்கு டப்பா. "அடுத்தது எங்க புள்ளைங்கதானுங்க" என்றார். எட்டுப் பெண்கள். யாருக்கும் அரங்கேற்றம் ஆகவில்லை! ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள் சேர்ந்து ஒரு குழுவாக விண்ணப்பித்து வந்திருக்கிறார்கள். உடைக்கு ஆர்ட் சில்க் துணியை மொத்தமாக எடுத்து இந்த அம்மாளே தைத்திருக்கிறார். விசிறி மடிப்புக்கு மட்டும் வெளியில் கொடுத்தாராம். நகை வாடகை. தலைக்கு வைக்கிற பூ காகிதப் பூ, திரும்பவும் உபயோகிக்கலாம். வேன் வாடகையும் சேர்த்து, "ஆளுக்கு நாலாயிரத்துக்குள்ள முடிச்சிட்டமுங்க" என்றார். நான் அதே 4,000 ரூபாயை மடியில் முடிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்போ அரங்கேற்றம்?" என்று கேட்டேன்.

"பண்றப்ப பண்ணிக்கலாமுங்க. அதுக்காக இப்ப ஆடாம இருக்கோணுமுங்களா?"

எட்டுப் பெண்களும் மேடை ஏறினார்கள். பாட்டு ஆரம்பித்தது. ஐந்தாறு நிமிஷம் நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று பாட்டு நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் 'கர்' என்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. பக்கத்து அம்மாவின் கையிலிருந்த ஊக்கு டப்பா கீழே கொட்டிவிட்டது. மேடையில் கடைசியில் நின்ற சின்னப் பெண்ணுக்கு உதடு துடிக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது.

ஓரத்தில் நின்றிருந்த அவர்களுடைய டீச்சர் அப்படியே மேடை விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் தாளம் தட்டி வாயாலேயே சொல்லுக்கட்டு சொல்ல ஆரம்பித்தார். மைக் கிடையாது. எட்டுப் பெண்களும் நிற்கவே இல்லை. பதினாறு கால், ஒரே சத்தம். சலங்கைதான் பாட்டு. கூட்டத்தில் முதலில் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, எல்லோரும் தாளம் போட ஆரம்பித்துவிட்டோம். அத்தை நாற்காலிக் கையில் 'டப் டப்' என்று அடிக்கிறார். ஜமக்காளத்தில் ஹரிணியைத் தேடினேன். உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலில் கையை வைத்து அடவைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் பாட்டு திரும்ப வந்துவிட்டது. எனக்கென்னவோ, அது வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

லாட்ஜுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. அத்தைக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன், "ஏண்டி, உண்மையைச் சொல்லு. டான்ஸ் பிடிக்கலையா?"

"அப்பாவுக்கு எதுக்கும்மா கடன்?" என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். நான் அழவிட்டேன்.

நானும் ஏழாவது வரை பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஆடியவள்தான். பெரியவளானதும் எங்கள் அப்பா நிறுத்திவிட்டார். அன்று என்னை நிறுத்தினது ஊர் வாய். இன்று இவளை நிறுத்தப் பார்ப்பது மண்டப வாடகையா?

மறுநாள் தம்பியோடு போனில் பேசும்போது ஒன்று சொன்னான், கேளுங்கள். சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு ஐந்து வயதில் பயிற்சி ஆரம்பித்து ஏழு வருஷம் நடக்கிறது. பன்னிரண்டு வயதில் சோழ ராஜா முன்னால் அரங்கேற்றம். முடிந்ததும் ராஜா அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் கொடுக்கிறான். அந்தக் காலத்தில் ஆடின பெண்ணுக்குக் கொடுத்தார்கள், இந்தக் காலத்தில் ஆடுகிற பெண்ணைப் பெற்றவர்கள் கொடுக்கிறோம்! டீச்சர்களைக் குறை சொல்ல வரவில்லை. பக்கவாத்தியக்காரர்களும் பிழைக்க வேண்டும். அலாரிப்பிலிருந்து தில்லானா வரை இரண்டரை மணி நேரம் ஒரு பெண் தனியாக ஆடுவது சாதாரணமா? தஞ்சாவூர் நால்வர் என்கிற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நாலு பேரும் வகுத்துக் கொடுத்த முறை அது. வசதி இருக்கிறவர்கள் நடத்தட்டும். ஆனால் அது இல்லாவிட்டால் கற்றதே வீண் என்று ஒரு குழந்தை நினைக்கும்படி நாம் பேசிவிடுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாம் நாள் பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் நன்றாகத் தூங்கினோம். பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர்தான், படகில் போகலாம் என்றார்கள். படகுச் செலவும் அத்தையின் முழங்காலும் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் கோயிலுக்கு வடக்கே இருக்கிற தில்லைக்காளியைப் பார்த்துவிட்டு வந்தோம். மத்தியானம் ஒரு சின்ன மெஸ்ஸில் சம்பா சாதமும் கொத்சுவும் கிடைத்தது. சிதம்பரத்துக்கே உரிய சாப்பாடு இது. பரிமாறின அம்மாளிடம் பக்குவத்தையும் கேட்டுக்கொண்டேன், நமக்கு வேறென்ன வேலை!

கால் கிலோ பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் தோல் சுருங்க வதக்கிக்கொள்ள வேண்டும். தனியா இரண்டு ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு ஸ்பூன், மிளகாய் வற்றல் ஐந்து, இவற்றை வறுத்துக் கரகரப்பாகப் பொடிக்கவும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, உப்பு, மஞ்சள் தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, வதக்கின கத்தரிக்காயைச் சேர்த்து மசித்து, பொடியைத் தூவி, துளி வெல்லம் போட்டு இறக்கிவிட வேண்டியதுதான். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிக்கலாம். சாதத்துக்கு மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து, நெய்யில் பொரித்து, உப்போடு கிளறினால் சம்பா சாதம். வெங்காயம், பூண்டு கிடையாது. இட்லிக்கும் இந்தக் கொத்சு தேவாமிர்தம். வீட்டுக்கு வந்ததும் செய்தேன், கணவர் மூன்று இட்லி கூடச் சாப்பிட்டார்.

அன்று மாலையும் ஆட்டம் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை ரயிலில் திரும்பினோம். ஹரிணி நோட்டில் எழுதின கணக்கு இது. பஸ் போக வர 180, ரயில் 120, ஆட்டோ 160, அறை இரண்டு நாளைக்கு 1,800, சாப்பாடு, காபி 1,010, கோயிலில் அர்ச்சனை, பூ 150, அவளுக்குக் கண்மையும் வளையலும் 60. மொத்தம் 3,480 ரூபாய், மூன்று பேருக்கு. மீதி 520 திரும்பவும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து டான்ஸ் டீச்சரைப் பார்க்கப் போனேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "அரங்கேற்றம் இப்போ எங்களால முடியாதும்மா. ஆனா பொண்ணு வகுப்பை விடமாட்டா. நாலஞ்சு பேர் சேர்ந்து குழுவா ஆடறதுக்குச் சொல்லிக் கொடுங்க, சிவராத்திரிக்கு ஏதாவது ஓர் ஊர்ல விண்ணப்பம் போடலாம்" என்றேன். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று பல ஊர்களில் இப்போது அந்த நேரத்தில் நாட்டியாஞ்சலி நடக்கிறதே. டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. "தனியா ஆடாம எப்படிம்மா வளருவா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். வாசலில் செருப்பைப் போடும்போது இன்னும் இரண்டு தாய்மார்கள் பின்னாலேயே வந்து, "அக்கா, எங்களையும் சேர்த்துக்குங்க. நாங்களும் எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிக்கிட்டிருந்தோம்" என்றார்கள். மூன்று பேராகத் திரும்ப உள்ளே போனோம். டீச்சர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பு நடக்கிறது.

கால் வலி என்று அவள் சொன்னதும் முழுப் பொய்யில்லை. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு உண்மையாகவே வலித்திருக்கிறது. டாக்டரிடம் காட்டினபோது, சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு தட்டித் தட்டி ஆடுவதுதான் காரணம், கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, பாய் விரித்தோ மரப்பலகை மேலோ பழகச் சொன்னார். ஆடுவதற்கு முன் கெண்டைக்காலை நீட்டி மடக்கிச் சூடாக்கிக்கொள்ள வேண்டுமாம். அரைமண்டியில் உட்காரும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல், கால்விரல் திசையிலேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிற்காலத்தில் மூட்டு படுத்தும் என்றார். ஆடுகிற பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதைக் கவனியுங்கள். முருங்கைக்கீரையும் கடலை உருண்டையும் வாரத்தில் இரண்டு நாளாவது அவளுக்குக் கொடுக்கிறேன்.

இப்போது மொட்டைமாடியில் இரண்டு பழைய கோரைப்பாயை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, ராஜகிரி மலையைப் பார்த்தபடி தினமும் சாயங்காலம் ஆடுகிறாள். தட்டுக்கழி வாங்கவில்லை. அத்தைதான் படிக்கட்டில் உட்கார்ந்து மத்துக் காம்பால் பலகையில் தட்டுகிறார், சில சமயம் தாளம் கூத்துப் பக்கம் போய்விடுகிறது. அடுத்த சிவராத்திரிக்கு எந்த ஊராக இருந்தாலும் தானும் வருவதாகச் சொல்லி, தன் பங்காக 500 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறார். எங்கே வைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.